டிபிஏ சான்றிதழ்: எதை எழுதுவது, எப்படித் தயாராவது

டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி என்ற முறையில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “எதற்கு மதிப்பு அதிகம்?” என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இதே கட்டுரையை 2023இல் எழுதியிருந்தால் அமேசானின் டேட்டாபேஸ் ஸ்பெஷாலிட்டி தேர்வுக்கும் நாலு பத்தி ஒதுக்கியிருப்பேன். 2020இல் வந்த அந்தத் தேர்வை 2024 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பு மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழ் வரிசைக்கும் இதே கதிதான். 2021 ஜனவரி 31ஆம் தேதியுடன் கடை மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்கான 70-764 தாளுக்குப் பாதி படித்து வைத்திருந்தவர்கள் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. மதிப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இதுதான் சிக்கல்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் வேறொரு கேள்வியைத்தான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். எந்த டேட்டாபேஸை உங்களால் உடைத்துப் பார்க்க முடியும்? உடைப்பது என்றால் நிஜமாகவே உடைப்பது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்பு ஒன்றை அழித்துவிட்டு, அது எந்தப் பிழைச் செய்தியோடு நிற்கிறது என்று பார்த்து, பேக்கப்பிலிருந்து மறுபடி எழுப்புவது. யாரும் திட்டாத இடத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும். டிபிஏ தேர்வுகளில் இந்த வேலையைச் சுற்றிக் கட்டாயம் கேட்கிறார்கள். அதைச் செய்து பார்க்க வசதியில்லாத டேட்டாபேஸுக்குப் படிப்பது தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்கிற மாதிரி.

இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று பாதைகளைப் பார்க்கலாம். ஆரக்கிள், மைக்ரோசாஃப்டின் டிபி-300 தேர்வு, திறமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ். மற்றவற்றைப் பிறகு போகிற போக்கில் சொல்கிறேன்.

ஆரக்கிள்: நீளமான பாதை, ஆழமான கிணறு

19சி பதிப்புக்கான புரொஃபெஷனல் சான்றிதழுக்கு இரண்டு தாள்கள் எழுத வேண்டும்: 1இசட்0-082, 1இசட்0-083. முதல் தாளில் நிர்வாகத்தோடு, டேட்டாபேஸிலிருந்து தரவைக் கேட்டு வாங்கும் மொழியான எஸ்க்யூஎல் பற்றிய கேள்விகளும் கலந்து வரும். “நான் டிபிஏ, குவெரி எழுதுவது டெவலப்பர் வேலை” என்று ஜாயினையும் சப்குவெரியையும் ஒதுக்கி வைத்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். இரண்டாவது தாள் கனமானது. ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் வழியாக பேக்கப்பும் ரெக்கவரியும், ஒரு கண்டெய்னருக்குள் பல டேட்டாபேஸ்களை வைத்து நடத்தும் முறை, பேட்ச் போடுவது, பழைய பதிப்பிலிருந்து மேலே கொண்டுவருவது, வேகத்தைச் சீர்செய்வது என்று எல்லாம் வரும்.

ஆரக்கிள் கேள்விகளுக்கு ஒரு குணம் உண்டு. “இவற்றில் எந்த இரண்டு சரி?”, “எந்த மூன்று சரி?” என்று கேட்பார்கள். ஒன்று நிச்சயமாகத் தெரியும், இன்னொன்று தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் தெரிந்த மாதிரிதான் ஆளைக் கவிழ்க்கும்.

உதாரணத்துக்கு, டேட்டாபேஸ் எழும்பும் மூன்று கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நோமவுண்ட் கட்டத்தில் பாராமீட்டர் கோப்பை மட்டும் படிக்கும். மவுண்டில், மற்றக் கோப்புகள் எங்கே என்று குறித்து வைத்திருக்கும் கண்ட்ரோல் கோப்பைத் திறக்கும். ஓப்பனில்தான் டேட்டா கோப்புகளும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ரீடூ லாக்குகளும். படிக்கும்போது ஐந்து நிமிட விஷயம். ஆனால் கேள்வி இப்படி வரும்: கண்ட்ரோல் கோப்பு தொலைந்துவிட்டது, டேட்டாபேஸ் எந்தக் கட்டத்தில் நிற்கும், அந்த நிலையில் எந்தெந்தக் கட்டளைகள் ஓடும்? தன் கணினியில் ஒருமுறை கண்ட்ரோல் கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, ஓஆர்ஏ-00205 என்ற பிழையைக் கண்ணால் பார்த்தவருக்கு இதில் குழப்பமே வராது. டேட்டா கோப்பை நகர்த்தினால் அது மவுண்ட் வரை ஏறி, ஓஆர்ஏ-01157 சொல்லிவிட்டு நிற்கும். இரண்டு பிழை எண்களையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. அவ்வளவு முறை பார்த்ததில் தானாகத் தங்கிவிட்டன.

உடைத்துப் பார்க்கும் வசதியில் ஆரக்கிளுக்கு நடுத்தர மதிப்பெண்தான் கொடுப்பேன். மென்பொருளை இறக்கிக்கொள்வதில் பிரச்சினை இல்லை. சுயமாகக் கற்பதற்கும் சோதிப்பதற்கும் 19சியை ஆரக்கிள் தளத்திலிருந்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். ‘ஆரக்கிள் டேட்டாபேஸ் ஃப்ரீ’ என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. அது 2 சிபியு, 2 ஜிபி நினைவகம், 12 ஜிபி தரவு என்ற வரம்புக்குள் ஓடும். பழகுவதற்கு அது தாராளம். ஆனால் அது 19சிக்குப் பிந்தைய பதிப்பு, தேர்வோ 19சிக்கு. இந்த வித்தியாசம் சில இடங்களில் காலை வாரும். அதனால் சிரமம் பார்க்காமல் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியில் 19சியையே நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவுவதே முதல் பாடம். எனக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, கெர்னல் அளவுருக்களோடு சண்டை போட்டதில்.

அப்புறம், 12சி காலம் வரை ஆரக்கிளின் அங்கீகாரம் பெற்ற வகுப்பு ஒன்றில் உட்கார்ந்தால்தான் புரொஃபெஷனல் சான்றிதழே தருவார்கள் என்ற விதி இருந்தது. தேர்வுக் கட்டணத்தைவிட வகுப்புக் கட்டணம்தான் பயமுறுத்தும். 19சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்னும் சிலர் பழைய விதியை நினைத்துக்கொண்டே ஆரக்கிள் பக்கம் வராமல் இருக்கிறார்கள்.

டிபி-300: திறந்த புத்தகம், மூடிய இயந்திரம்

மைக்ரோசாஃப்டின் இந்தத் தேர்வு 2020இல் வந்தது. பெயரில் அஷூர் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்) இருந்தாலும் உள்ளே இருப்பது பாதிக்குப் பாதி பழைய எஸ்க்யூஎல் சர்வர் அறிவுதான். ஒரே தாள், 100 நிமிடம், 1000க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. கேள்விகள் வழக்கமாக 40 முதல் 60க்குள் இருக்கும். ஒரு நிறுவனத்தின் கதையை இரண்டு பக்கம் கொடுத்துவிட்டு அதன்மேல் கேள்வி கேட்கும் பகுதியும் வரும். அந்தப் பகுதியை முடித்து வெளியே வந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. நேரத்தை அங்கே கொட்டிவிட்டுக் கடைசியில் தவிப்பவர்கள் நிறைய.

2023 ஆகஸ்ட் முதல் இந்த வகைத் தேர்வுகளில் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தைத் தேர்வு எழுதும்போதே திறந்து பார்த்துக்கொள்ளலாம். கேட்டவுடன் எல்லாரும் துள்ளிக் குதிக்கிறார்கள். சரி, ஆனால் அதற்காகக் கூடுதல் நேரம் தருவதில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தளம் ஒரு சமுத்திரம். எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். ஒரு சேவை நிலையின் வரம்பு எவ்வளவு, ஒரு கட்டளையின் சரியான வடிவம் எது என்பது போன்ற மூன்று நான்கு கேள்விகளுக்கு அதைத் திறக்கலாம். அதற்கு மேல் நம்பினால் நேரம்தான் கரையும். படிக்கும்போதே வெளித் தளங்களைத் தவிர்த்து அந்தத் தளத்திலேயே தேடிப் பழகியவர்களுக்கு இது நல்ல சலுகை.

என்ன கேட்பார்கள்? மைக்ரோசாஃப்டே பாடப்பகுதிகளையும் அவற்றின் சதவீதத்தையும் வெளியிட்டு வைத்திருக்கிறது. டேட்டாபேஸ் தளத்தைத் திட்டமிட்டு அமைப்பது, பாதுகாப்பு, கண்காணிப்பும் வேகமும், வேலைகளைத் தானியங்கியாக்குவது, இடர் வந்தால் மீள்வது என்று ஐந்து பகுதிகள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: அஷூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸா, முழு சர்வரையும் மைக்ரோசாஃப்டே பராமரித்துத் தரும் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸா, மெய்நிகர் கணினியில் நாமே நிறுவும் எஸ்க்யூஎல் சர்வரா? எந்தச் சூழலுக்கு எது? வேலைகளை நேரம் குறித்து ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜெண்ட் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸில் இருக்கிறது, அஷூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இல்லை. அங்கே அந்த வேலைக்கு எலாஸ்டிக் ஜாப் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே விதவிதமாகக் கேள்வி தயாரிக்க முடியும். தயாரிக்கிறார்கள்.

இனி என் அளவுகோலுக்கு வருவோம். இங்கேதான் டிபி-300 கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. கிளவுடில் இருக்கும் டேட்டாபேஸை நீங்கள் விரும்பினாலும் உடைக்க முடியாது. கோப்புகள் கண்ணில் படுவதே இல்லை. வாரம் ஒரு முழு பேக்கப், 12 அல்லது 24 மணி நேரத்துக்கு ஒரு டிஃபரென்ஷியல் (முழு பேக்கப்புக்குப் பிறகு மாறியது மட்டும்), ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு லாக் (மாற்றங்களின் பதிவு) பேக்கப் என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. வழக்கமாக 7 நாட்கள் வரை எந்த நொடிக்கும் திரும்பிப் போகலாம். 35 நாட்கள் வரை நீட்டிக்கலாம். போர்ட்டலில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் புதிய டேட்டாபேஸ் ஒன்று எழுந்து நிற்கும். அற்புதம்தான். ஆனால் கற்பவனுக்கு அது கையைக் கட்டிவிடுகிறது, ஏன் அப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே வேலை நடந்துவிடுகிறது.

இதற்கு நான் சொல்லும் மாற்று: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சொந்தக் கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் பதிப்பு (2025இல் ‘எண்டர்பிரைஸ் டெவலப்பர்’). அது இலவசம், எண்டர்பிரைஸ் பதிப்பின் எல்லா வசதிகளும் உண்டு, நிஜ உற்பத்திக்கு மட்டும் பயன்படுத்தக்கூடாது. அதோடு அஷூரில் மாதம் 1,00,000 விகோர் நொடிகளும் (ஒரு மெய்நிகர் சிபியு ஒரு நொடி ஓடும் அளவு) 32 ஜிபி இடமும் தரும் இலவச டேட்டாபேஸ். உடைப்பதைக் கணினியில் செய்யுங்கள், அதே வேலையை கிளவுட் எப்படித் தானாகச் செய்கிறது என்று அங்கே பாருங்கள். லாக்கை பேக்கப் எடுக்கும்வரை வைத்திருக்கும் ஃபுல் ரெக்கவரி மாடலில் ஒரு டேட்டாபேஸை உருவாக்கி, முழு பேக்கப் எடுத்துவிட்டு, லாக் பேக்கப் மட்டும் எடுக்காமல் ஒரு பெரிய டேபிளில் தரவை ஊற்றிக்கொண்டே இருங்கள். லாக் கோப்பு வீங்குவதைப் பார்ப்பீர்கள். இப்போது இன்னொரு புதிய டேட்டாபேஸில் இதே சோதனையை முழு பேக்கப் எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். லாக் அப்படி வீங்காது, ஏனென்றால் முதல் முழு பேக்கப் வரை ஃபுல் மாடல், லாக்கைத் தானே காலி செய்துகொள்ளும் சிம்பிள் மாடல் மாதிரியேதான் நடந்துகொள்ளும். பெயரளவில் ஃபுல். பல வருட அனுபவம் உள்ளவர்களும் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் பிடிக்கவில்லை, ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. இந்தச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். ஆனால் காலாவதியாகும் முன் வரும் கடைசி ஆறு மாதத்தில் வீட்டிலிருந்தே, கண்காணிப்பு இல்லாமல், இலவசமாக ஒரு சிறு தேர்வு எழுதிப் புதுப்பித்துக்கொள்ளலாம். எரிச்சலாக இருந்தாலும் அந்தப் புதுப்பிப்பு என்னைப் புதிய வசதிகளைப் படிக்க வைத்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

போஸ்ட்கிரஸ்: உடைக்க எளிது, காட்டுவது கடினம்

போஸ்ட்கிரஸ் திட்டம் தன் பெயரில் சான்றிதழ் எதுவும் கொடுப்பதில்லை. ஈடிபி போன்ற நிறுவனங்கள் தாமாக நடத்தும் தேர்வுகள்தான் இருக்கின்றன. ஜப்பானில் எல்பிஐ-ஜப்பான் நடத்தும் ஓஎஸ்எஸ்-டிபி என்ற தேர்வு ஒன்று உண்டு. ஆகவே சான்றிதழ் என்ற காகிதத்துக்காக மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் பலவீனம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் பெயர்கள் சொல்லாமலே புரியும். இதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம்.

உடைத்துப் பார்க்கும் அளவுகோலிலோ இதற்கு முழு மதிப்பெண். ஐந்து நிமிடத்தில் ஒரு கிளஸ்டர் (ஒரு சர்வர் நடத்தும் டேட்டாபேஸ்களின் தொகுப்பு) உருவாக்கலாம். பிடிக்கவில்லையா, அந்த டைரக்டரியையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். உரிமம், வரம்பு, கிளவுட் பில் என்ற எந்தத் தலைவலியும் இல்லை. வால் எனப்படும் மாற்றப் பதிவு லாக்கைச் சேமித்து வைக்கும் வசதியை இயக்கி, முழு நகலான பேஸ் பேக்கப் எடுத்து, ஒரு டேபிளை அழித்துவிட்டு, அழிப்பதற்கு ஒரு நிமிடம் முந்தைய நேரத்தைக் குறித்து மீட்டுவரும் பயிற்சியை ஒரு மாலையில் நான்கு முறை செய்துவிடலாம். அதிகாரபூர்வ ஆவணமும் அத்தனை தெளிவு. நான் படித்த தொழில்நுட்ப ஆவணங்களில் நிதானமாக உட்கார்ந்து புத்தகம் போலப் படிக்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருவதால் எந்தப் பதிப்புக்கான குறிப்பு என்று பார்த்துப் படிக்க வேண்டும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் மீட்புக்கென்று தனியாக இருந்த அமைப்புக் கோப்பை எடுத்துவிட்டார்கள். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் புதிய கிளஸ்டருக்கு, தரவு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் டேட்டா செக்சம் தானாகவே இயங்கும் நிலைக்கு மாறியது. பழைய குறிப்பை வைத்துப் படித்தவர் இந்த இரண்டு இடத்திலும் தவறான பதிலைத் தன்னம்பிக்கையோடு குறிப்பார்.

வேலையில் போஸ்ட்கிரஸ் பார்ப்பவராக இருந்தாலொழிய, இதன் தேர்வை முதல் சான்றிதழாக எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் டேட்டாபேஸின் உள்வேலை என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. லாக் முதலில், தரவு பிறகு என்ற அடிப்படை இங்கே கைக்கு அகப்பட்டுவிட்டால், ஆரக்கிளின் ரீடூவும் எஸ்க்யூஎல் சர்வரின் டிரான்சாக்‌ஷன் லாக்கும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும்.

மையெஸ்க்யூஎல்லுக்கு ஆரக்கிளே 1இசட்0-908 என்ற தேர்வை வைத்திருக்கிறது, 8.0 பதிப்புக்கு. அதற்குப் படிப்பவர்கள் 5.7 காலப் புத்தகங்களைத் தொடவே வேண்டாம். குவெரி கேச் மொத்தமாகப் போய்விட்டது, கடவுச்சொல் சரிபார்க்கும் முறையும் மாறிவிட்டது. மோங்கோடிபிக்கும் தனித் தேர்வு உண்டு. அன்றாட வேலையில் இவற்றைத் தொடுபவர்களுக்கு மட்டும்.

வகுப்பு, ஆவணம், கேள்வித் தொகுப்பு

எந்தத் தேர்வு என்று முடிவானபின் எப்படிப் படிப்பது என்ற கேள்வி. என் கணக்கில் முதல் முடிவைவிட இதில்தான் பணமும் காலமும் அதிகம் வீணாகின்றன.

நான்கு நாள், ஐந்து நாள் தீவிர வகுப்புகள் இருக்கின்றன. நல்ல ஆசிரியர் கிடைத்தால் ஆறு மாதம் சுற்றித் திரிந்து கண்டுபிடிப்பதை ஒரு மதியத்தில் காட்டிவிடுவார். சிக்கல் என்னவென்றால் வகுப்பில் தரும் பயிற்சிக் கணினி எப்போதும் வேலை செய்யும். எல்லாம் முன்கூட்டியே அமைத்து வைத்திருப்பார்கள். கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் வெற்றி. ஐந்தாம் நாள் மாலை தெளிவாக இருக்கும், மூன்று வாரம் கழித்து எதுவும் இருக்காது. அலுவலகம் பணம் கட்டுகிறது, அதற்குள் ஒரு மாதம் நீங்களே தட்டித் தடுமாறிவிட்டீர்கள் என்றால் போங்கள். கைக்காசு போட்டு, வெறும் கையோடு போக வேண்டாம்.

வீடியோ பாடங்கள் மலிவு. பயணத்தில் கேட்கலாம், ஒரு கருத்து புரியாதபோது இன்னொரு வாயிலிருந்து கேட்கலாம். நாற்பது மணி நேர வீடியோவை வரிசையாக முடித்துவிட்டு ‘சிலபஸ் முடிந்தது’ என்று நினைப்பதுதான் ஆபத்து. பார்த்தது அவருடைய விசைப்பலகை, உங்களுடையது இல்லை.

ஆவணமும் சொந்தச் சோதனைக் கணினியும் சேர்ந்த வழி மெதுவானது. தனியாக உட்கார்ந்து எரிச்சல்படும் வழி. நான் பரிந்துரைப்பது இதைத்தான். செய்முறை எளிது: தேர்வுப் பாடத்திட்டத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வரியையும் ஒரு செயலாக மாற்றுங்கள். ‘ஃபிளாஷ்பேக் தொழில்நுட்பங்களை விளக்குக’ (தரவைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் ஆரக்கிள் வசதிகள்) என்று இருந்தால், விளக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் நான்கு விதமாகத் தரவைக் கெடுத்து நான்கு விதமாக மீட்டெடுங்கள். டிபி-300க்கு மைக்ரோசாஃப்ட் லேர்னில் பாடங்களும் மாதிரித் தேர்வும் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆய்வகப் பயிற்சிகளின் குறிப்புகளும் கிட்ஹப்பில் இருக்கின்றன. வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை.

கேள்வித் தொகுப்புகள் பற்றி என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆரக்கிள் தேர்வுக்கு நான் ஆய்வகம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு கேள்வித் தொகுப்பை மூன்று முறை படித்தேன். விடை வரிசையே மனப்பாடமாகிவிட்டது. தேர்வில் ஃபிளாஷ்பேக் கேள்வி வந்தது. பார்த்த கேள்விதான், ஆனால் ஒரு சொல் மாறியிருந்தது. டேபிளை ‘பர்ஜ்’ சேர்த்து அழித்திருந்தார்கள். பர்ஜ் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்கே போகாது, அங்கிருந்து மீட்கவும் முடியாது. இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது விடை ‘பி’ என்பது மட்டும். தவறினேன். அதற்குப் பிறகு ஒரு மாலை உட்கார்ந்து செய்து பார்த்தபோதுதான் தெளிந்தது: அழித்த டேபிளை மீட்பது ரீசைக்கிள் பின்னை நம்பியிருக்கிறது, பழைய நிலையைக் குவெரியில் பார்ப்பது அண்டூவை (மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளின் சேமிப்பை) நம்பியிருக்கிறது, முழு டேட்டாபேஸையும் பின்னுக்கு ஓட்டுவது ஃபிளாஷ்பேக் லாக்கை நம்பியிருக்கிறது. ஒரே பெயர், மூன்று வெவ்வேறு கிடங்குகள். ஒரு மாலை வேலைதான் அது.

நல்ல மாதிரித் தேர்வுகளையும் திருட்டு டம்ப்களையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்கும் ஏன் சரி, ஏன் தவறு என்ற விளக்கமும், ஆவணத்தின் எந்தப் பகுதி என்ற குறிப்பும் இருக்கும். டம்ப் என்பது நிஜத் தேர்விலிருந்து எடுத்து வந்த கேள்விகள். அதில் விடைகளே பல இடங்களில் தவறாக இருக்கும். பிடிபட்டால் சான்றிதழைப் பறிப்பதற்கும் மேற்கொண்டு எழுத விடாமல் தடுப்பதற்கும் ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் விதிகளிலும் இடம் இருக்கிறது. மாதிரித் தேர்வைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எடுத்தால் கேள்விகள் பழகிவிடும், உங்கள் அறிவை அளக்கும் கருவி ஒன்று கெட்டுவிடும்.

உடைத்துப் பார் என்று இவ்வளவு அழுத்துவதற்குத் தேர்வைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் போஸ்ட்கிரஸ் தரவு டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் ஒன்றல்ல, பல இருந்தன. எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தினசரி டம்ப் (இங்கே டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் நிரல் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6; அதனால் டம்ப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது, அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள். தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் அந்த அறிக்கையை ஒருமுறை படிக்கலாம். அதில் வரும் ஒவ்வொரு சறுக்கலும் ஏதாவது ஒரு பாடத்திட்டத்தில் ஒரு வரியாக இருக்கிறது.

என் பரிந்துரை

வேலையிடத்தில் எந்த டேட்டாபேஸ் இருக்கிறதோ அதற்கே எழுதுங்கள். சோதனை சர்வர் ஒன்றைக் கேட்டு வாங்கலாம், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது, படித்ததை மறுநாளே பயன்படுத்தலாம். ஆரக்கிள் இருக்கும் இடத்தில் டிபி-300க்குப் படிப்பதும் அஷூர் இருக்கும் இடத்தில் 083க்குப் படிப்பதும் இரட்டைச் சுமை.

வேலை தேடிக்கொண்டிருப்பவர் அல்லது வேறு துறையிலிருந்து வருகிறவர் என்றால் டிபி-300 பக்கம் சாய்வேன். ஒரே தாள், தயாரிப்புப் பொருள்கள் இலவசம், கிளவுட் அறிவும் கூட வருகிறது. ஒரு நிபந்தனையோடு: முதல் மூன்று வாரம் அஷூரைத் தொடாமல் சொந்தக் கணினியில் எஸ்க்யூஎல் சர்வரையோ போஸ்ட்கிரஸையோ உடைத்து மீட்டுப் பழகிவிட்டு வாருங்கள். ஆரக்கிளின் இரண்டு தாள்கள், பெரிய நிறுவனங்களின் பழைய, கனமான அமைப்புகளோடு நீண்ட காலம் வாழப்போகிறவர்களுக்கு. அதற்குப் போகும் உழைப்பு இரண்டு மடங்கு, கிடைக்கும் ஆழமும் அப்படியே.

நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால், ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவருக்கு டிபி-300க்கு இரண்டு மூன்று மாதம் போதும் என்பது என் அனுபவக் கணக்கு. ஆரக்கிளின் ஒவ்வொரு தாளுக்கும் அதே அளவு. புதியவர்கள் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து எழுதுவதா, மையத்துக்குப் போவதா என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. கதவு மூடும் தனி அறை, வெறும் மேசை, அறுந்து போகாத இணைப்பு மூன்றும் இருந்தால் வீடு. ஒன்று குறைந்தாலும் மையம். வீட்டில் எழுதும்போது யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தாலே தேர்வை நிறுத்திவிட முடியும். கேள்வியை முணுமுணுத்தபடி படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை வரும். எனக்கு வந்தது.

தேதியை எப்போது பதிவு செய்வது? குறிப்பு எதையும் பார்க்காமல், வெற்றுக் கணினியில் நிறுவுவதில் தொடங்கி, பேக்கப் எடுத்து, உடைத்து, குறிப்பிட்ட நிமிடத்துக்கு மீட்டெடுப்பது வரை ஒரே மூச்சில் முடித்த அன்று இரவு பதிவு செய்யுங்கள், இரண்டு மூன்று வாரம் தள்ளி. தேதி வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குபவர்கள் கடைசி வாரத்தில் டம்ப் தேடிப் போகிறார்கள்.

தவறிவிட்டால் மைக்ரோசாஃப்டில் 24 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை எழுதலாம், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 14 நாள் இடைவெளி, வருடத்துக்கு ஐந்து முறை. ஆரக்கிளில் முதல் தோல்விக்கே 14 நாள் காத்திருக்க வேண்டும். மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதியில் எப்படி என்று இருக்கும். வெளியே வந்து வண்டியை எடுப்பதற்கு முன், எந்தெந்தத் தலைப்பில் தடுமாறினீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விகளை அப்படியே எழுதி வெளியே கொடுப்பது விதிமீறல். நான் தவறிய அன்று தலைப்புகளைக் குறித்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஃபிளாஷ்பேக் ஒன்றைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை.